கீழ்த்தளத்தில் வேலை நடக்கிறது

காலை டீ வந்த நேரத்தில்தான் மகளிடமிருந்து அந்தப் படமும் வந்தது. செல்போன் திரையை அப்படியே பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: ‘அப்பா, உங்க ஆளுங்க கீழ்வீட்டுல வேலை ஆரம்பிச்சுட்டாங்க. கூலி யாரு குடுக்கறது?’

டாக்டர் நாச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்தார். பீளமேட்டு ஆய்வகத்தில் அவர் சிரிப்பது அபூர்வம். சிரித்தபடியே மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படத்தைப் பெரிதாக்கினார்.

பெண் உருவம் ஒன்றின் கோட்டுப்படம். மார்பிலும் கழுத்திலும் வழக்கமான மஞ்சள் புள்ளிகள். அவை பழசு. தொப்புளுக்குக் கீழே ஒரு புதுக் கூட்டம். எறும்புப் புற்று மாதிரி. மேலே தலைப்பாகை கட்டி, கையில் பூச்சுக்கரணை பிடித்த ஒரு குட்டிக் கொத்தனார் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். ‘புதிய இடத்தில் பணி தொடங்கியது. முன்னேற்றம்: 11 சதவீதம். கவலை வேண்டாம்!’

டீ ஆறத் தொடங்கியது.

அந்த ஊசிக்குப் பெட்டியில் அச்சடித்த பெயர் வேறு. வாயில் நுழையாத பெயர். ஜனங்கள் ‘கொத்தனார் ஊசி’ என்றார்கள். கம்பெனிக்காரர்களே கடைசியில் அந்தப் பெயருக்கு இறங்கி வந்துவிட்டார்கள்.

ரத்தக்குழாயின் சுவர் ஒரே பூச்சு அல்ல. உள்ளே மெல்லிய ஒரு தோல், நடுவே தசை, தசைக்கு இடையில் ரப்பர் மாதிரி இழுபடும் எலாஸ்டின், வெளியே கயிறு மாதிரி கொலாஜன். எந்தப் புரதம் எந்த இடத்தில் எவ்வளவு என்பதற்கு உடம்பு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நோய் வந்தால் அந்தக் கணக்கு கலைகிறது. எலாஸ்டின் அறுந்துபோகும், தசை கரையும், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின், இருக்கக் கூடாத இடத்தில் ஊறி நிற்கும். மழைநீர் இறங்கிய சுவர் போலத்தான். என்றைக்கு இடியும் என்று யாருக்கும் தெரியாது. இடிந்தால் மாரடைப்பு.

நாச்சிமுத்துவின் மனைவி கலாமணிக்கு அது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், கையில் டிக்கெட்டோடு இடிந்தது. வயது நாற்பத்தொன்று. பரம்பரைக் கொழுப்பு என்றார்கள். அப்படியானால் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் சிந்துஜாவுக்கும் அது உண்டு.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வேலை இல்லாமல் போனது. இறந்தவர்களின் குழாய்ச் சுவர்களை வாங்கினார், அறுத்தார், புரதங்களை இடம் இடமாகக் குறித்தார். நல்ல சுவர் எப்படி இருக்கும், கெட்ட சுவர் எப்படி இருக்கும் என்று ஒரு முழு வரைபடம். அந்த வரைபடத்தை மூளையாக வைத்துப் பிறந்தவர்கள்தான் கொத்தனார்கள். கொத்தனார்கள் என்றால் செல்கள். ஒரு ஊசி போட்டால் எலும்புக்குள் குடியேறி, ஆயுசுக்கும் பெருகி, ரத்தத்தோடு ரோந்து போவார்கள். சுவரைத் தொட்டுப் பார்ப்பார்கள். வரைபடத்தில் கெட்டது என்று இருந்தால் நின்று பூசுவார்கள். எங்கே பூசுகிறார்கள் என்பதை நோயாளியின் போனில் ஒரு ஆப் காட்டும்.

சிந்துஜாவுக்கு இருபத்துமூன்று வயதில் ஊசி போட்டார்கள். அப்போது அவளுடைய இதயக்குழாய்கள் அறுபது வயதுக் கிழவருடையவை. இப்போது அவளுக்கு இருபத்தேழு. கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்குப் போய், ஐந்தாவது மாதம் நடக்கிறது. ஊசி போட்ட பெண்களில் முதலில் உண்டானவள் அவள்தான்.

“ஷாஹிதா, சித்தெ இங்க வா. இதைப் பாரும்மா.”

ஷாஹிதா அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, அங்கேயே விஞ்ஞானியாகத் தங்கிவிட்டவள். உக்கடத்துக்காரி. முதலில் கீழ்வரியைப் படித்துச் சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

“வயித்துல ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும் சார். அதனால அங்க கூட்டமா தெரியறாங்களோ என்னவோ.”

“சுத்திப் பாக்க வந்திருந்தா பரவால்ல. பூசறாங்களே.”

“எதை?”

நாச்சிமுத்து பரீட்சை வைப்பவர் போலக் கேட்டார். “பிள்ளை உண்டானா, கர்ப்பப்பைக்குள்ள போற குழாய் என்ன ஆகும்?”

“சுருள் சுருளா, சந்து மாதிரி இருக்கும். பிள்ளை பக்கத்துச் செல்லுங்க உள்ள பூந்து அந்தச் சுவரை இளக்கும். தசையை எடுத்துடும், எலாஸ்டினை எடுத்துடும். சந்து வாய்க்கால் ஆயிடும். அப்பத்தான பிள்ளைக்கு வேண்டிய ரத்தம் போகும்.”

“அப்புறம் சுவத்துல மிச்சம் என்ன இருக்கும்?”

“ஃபைப்ரின் மாதிரி ஒண்ணு ஊறி…” ஷாஹிதா நிறுத்தினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “சார். நம்ம வரைபடத்துல அதுக்குப் பேரு நோய்.”

வெளியே அவிநாசி சாலையில் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“நம்மகிட்ட கர்ப்பிணியோட சாம்பிள் ஒண்ணுகூடவா இல்ல?” என்றாள் ஷாஹிதா. அவளுக்கும் தெரியும், இல்லை என்று.

இல்லாமல் போனதற்குக் காரணம் இருந்தது. சாம்பிள் வேண்டுமென்றால் பிணவறை வாசலில் நின்று உறவுக்காரர்களைக் கேட்க வேண்டும். ஆண்பிள்ளைச் சாவுக்கு எப்படியோ சம்மதித்துவிடுவார்கள். பெண் என்றால் யோசிப்பார்கள். பிள்ளை வயிற்றோடு போன பெண் என்றால் பேச்சுக்கே இடமில்லை. சூலூர்ப் பக்கத்திலிருந்து வந்த விசைத்தறிக்காரர் ஒருவரை நாச்சிமுத்துவுக்கு நன்றாக நினைவிருந்தது. கர்ப்பிணி மகளை இழந்தவர்.

“நகத்தளவு போதுங்க. நாளைக்கு இன்னொரு பொண்ணு பொழைப்பா” என்று இவர் கெஞ்சினார்.

“அவ பட்டது போதுங்க” என்றார் அந்த மனிதர். “இன்னொரு கத்தி படக் கூடாது. முழுசாக் கொண்டுபோகோணும். ரோட்டோரம் அவ பேருல சுமைதாங்கி வெக்கோணும்.”

சுமைதாங்கி. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் படுக்க வைப்பார்கள். வழிப்போக்கர் தலைச்சுமையை அதன்மேல் இறக்கினால், பிள்ளைச் சுமையோடு செத்துப்போனவளின் பாரம் குறையும் என்று நம்பிக்கை. நாச்சிமுத்துவுக்கு அதெல்லாம் மூடத்தனமாகப் பட்டது. எரிச்சலோடு காரில் ஏறி, அன்று கூட்டத்தில் சொன்னார்: “இருக்கறது போதும். ரத்தக்குழாய்ல ஆம்பள என்ன, பொம்பள என்ன?” எல்லாரும் தலையாட்டினார்கள். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள்.

பொள்ளாச்சிக்கு அவரே காரை எடுத்துக்கொண்டு போய், சிந்துஜாவை மருத்துவமனைக்கு அழைத்து வந்தார். கணவன் பிரகதீஷும், மாமியார் வசந்தாமணியும் கூடவே வந்தார்கள். மகப்பேறு டாக்டர் அமுதவல்லி ஸ்கேன் பார்த்தார். பார்க்கும்போதே அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

“பிள்ளை சின்னதா இருக்கு” என்றார் வெளியே வந்து. “போன மாசம் சரியா இருந்துச்சு. இப்ப ரத்தம் போற வழி குறுகுது. சார், உங்க ஆளுங்களை நிறுத்துங்க.”

“சுவிட்ச் இல்லைங்க.”

“என்னங்க சார் இது? இவ்வளவு பெரிய ஏற்பாட்டுக்கு ஒரு சுவிட்ச் இல்லையா?”

ஆரம்பத்தில் இருந்தது. எவனாவது விஷமி அதைத் தட்டிவிட்டால் ஒரே நாளில் எத்தனை இதயம் நிற்கும் என்று பயந்து, நாச்சிமுத்துவே அதை எடுக்கச் சொன்னார். மேடையில் பெருமையாகச் சொன்னார்: “எங்க கொத்தனார் லீவு போட மாட்டாருங்க.” நல்ல கைதட்டல்.

பிரகதீஷ் ஜவுளி ஏற்றுமதிக்காரன். எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன். “மாமா, கர்ப்பப்பையை மட்டும் விட்டுடச் சொல்ல முடியாதா?”

“அவங்களுக்கு ஊரு பேரு தெரியாதுங்க மாப்ள. நெஞ்சா, வயிறான்னு தெரியாது. சுவரு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப புது வரைபடம்?”

“குடுக்கலாம். இன்னொரு ஊசியில போட்டு அனுப்பலாம். ஆனா ‘இது நோயில்ல, இது கர்ப்பம்’னு காட்டற படம் வேணும். ஃபார்மலின்ல ஊறினது உதவாது. சூடு ஆறாத சுவரு வேணும், அதுவும் நடுமாசத்துச் சுவரு; மாசம் நெறஞ்சு பிரசவத்துல எடுத்தா அது வேற. உசுரோட இருக்கற பிள்ளைக்குப் பக்கத்துல போயி யாரு வெட்டுவாங்க? வெட்டினாலும், படம் வரையறதுக்குள்ள…”

“பூச்சை உதிர்க்கற மருந்துன்னு ஏதோ கேள்விப்பட்டேன்” என்றார் அமுதவல்லி.

“இருக்குது. எல்லா இடத்துலயும் உதிரும். நெஞ்சுல இருக்கறதும்.”

அமுதவல்லி சிந்துஜாவின் பழைய இதயப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு உறைக்குள் போட்டுவிட்டார். அந்த இதயம் ஓடிக்கொண்டிருந்ததே பூச்சின் பலத்தில்தான்.

வசந்தாமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகக் கேட்டார். “ஏனுங் சம்பந்தி, பொண்ணு பாக்க வந்தப்ப நான் கேட்டனுங்களே. நெஞ்சுல சீக்கு இருந்த பொண்ணு, பிள்ளை பெத்துக்கலாமான்னு. நீங்கதானுங்களே தாராளமான்னீங்க.”

“ஆமாங்க.”

“நாங் கேரண்ட்டின்னீங்க.”

“சொன்னேனுங்க.”

அந்த அம்மாள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நாச்சிமுத்துவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சிந்துஜாவிடம் அவரே சொன்னார். மருத்துவமனை அறையில் அவள் காலை நீட்டி உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். சுளை ஒன்றை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“அதாவது, உங்க ஆளுங்களுக்கு இடிச்சுக் கட்டறதுக்கும் இடிஞ்சு விழறதுக்கும் வித்தியாசம் தெரியாது.”

“தெரியாது கண்ணு.”

“அவங்ககிட்ட சொல்லுங்கப்பா. இது பாழடைஞ்ச வீடில்ல, ஆளு குடி வந்திருக்குன்னு.”

“அவங்களுக்குக் காது இல்ல அம்மணி.”

“நீங்கதான வெக்காம விட்டீங்க” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “உதிர்க்கற மருந்தைக் குடுங்க. எனக்கு நெஞ்சு நாலஞ்சு மாசம் தாங்காதா? அப்புறம் திரும்பப் பூசிக்கறேன்.”

“தாங்காது.”

“நிச்சயமாவா?”

“உங்கம்மாவுக்கு இருந்ததைவிட மோசம் கண்ணு உனக்கு. ரெண்டு பேரும் போயிடுவீங்க.”

அவள் ஆரஞ்சுத் தோலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். “அப்ப நாங் கெடந்து போனைப் பாத்துட்டே இருக்கோணும். அதானப்பா நீங்க சொல்ல வந்தது?”

அவர் சொல்ல வந்தது அதுதான்.

ஊருக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பினார். இனி எந்த இளம்பெண்ணுக்கும் இந்த ஊசி போடாதீர்கள் என்று. அது ஒரு நாள் வேலை. ஆனால் ஏற்கெனவே போட்டவர்களின் எலும்பிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது. நாச்சிமுத்து ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் மாறி மாறி அலைந்தார். எலியின் குழாயை வைத்துப் பார்த்தார்; கொத்தனார்கள் அதை மனிதச் சுவராகவே ஒப்புக்கொள்ளவில்லை. கணினியில் ஒரு படத்தைக் கற்பனையாக வரைந்து கண்ணாடிக்குடுவையில் சில கொத்தனார்களுக்குக் கொடுத்தார்; அவர்கள் குழம்பி, நல்ல சுவரையும் பூசத் தொடங்கினார்கள். அதை மகளுக்குப் போட முடியாது. ஷாஹிதா குடுவையைக் கழுவி வைத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

போன் மட்டும் பேசியது. ‘சிறப்பான பணி! பாதிக்கு மேல் முடிந்தது.’ சில நாள் கழித்து, ‘உங்கள் கொத்தனார்கள் ஓய்வின்றி உழைக்கிறார்கள்!’

“அந்தச் சனியனை அழிச்சுத் தொலையேன்” என்றான் பிரகதீஷ்.

“ஆப்பை அழிச்சா கொத்தனாரு எறங்கிப் போயிடுவாரா?” என்றாள் சிந்துஜா. ஆனாலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த வசந்தாமணி, மருமகள் கண் அயர்ந்த நேரம் பார்த்து போனை எடுத்துப்போய், வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டார். சமையலறையில் அரிசிக்குள்ளிருந்து அது அவ்வப்போது ‘டிங்’ என்றது. சார்ஜ் தீர்ந்து சத்தம் நின்ற பிறகும் அந்த அம்மாள் பத்து நாளாக அந்த டிரம்மைத் திறக்காமல், கடையில் தனியாக அரிசி வாங்கிச் சமைத்தார்.

சிந்துஜாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கால் வீங்கியது, முகம் வீங்கியது. பூச்சு இறுகினால் தாய்க்கு இப்படித்தான் ஆகும் என்று அமுதவல்லி முன்பே சொல்லியிருந்தார். பிள்ளையை வெளியே எடுத்துக் காப்பாற்றலாமா என்று கேட்டபோது, தன் உள்ளங்கையைக் காட்டினார். “இதுல அடங்கும் சார். நுரையீரல் இன்னும் தயாராகல.”

ஆய்வகத்தில் ஒரு காலை, நாச்சிமுத்துவின் கணினியில் மகளுடைய கணக்குத் திறந்தே கிடந்தது. குட்டிக் கொத்தனார் தலைப்பாகையை அவிழ்த்து உதறினார். கரணையைத் தோளில் சாய்த்தார். ‘கீழ்த்தளப் பணி நிறைவு. உங்கள் சுவர் இப்போது உறுதியாக இருக்கிறது. வாழ்த்துகள்!’

அந்த வாசகங்களை எழுதிக் கொடுத்தது அவர்தான். நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று.

அவர் கார் சாவியை எடுக்கும்போது அமுதவல்லியிடமிருந்து போன் வந்தது. என்ன செய்தி என்று அவர் கேட்கவில்லை.

மருத்துவமனை வராந்தாவில் நல்ல வெயில். உள்ளே சிந்துஜாவைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். துடிப்பு நின்ற பிள்ளையை இனி எடுத்தாக வேண்டும். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. பிரகதீஷ் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தான். வசந்தாமணி மகனின் தலைமேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

ஷாஹிதா படியேறி வந்தாள். கையில் ஐஸ் பெட்டி. அவள் முகத்தைப் பார்த்ததுமே நாச்சிமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ பிணவறை வாசல்களில் தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

“சார்…”

“வேண்டாம்.”

“நகத்தளவு போதும் சார். பிள்ளையை எடுக்கும்போது அந்தச் சுவத்துல இருந்து. பூச்சுக்கு அடியில கர்ப்பத்துச் சுவரு இன்னும் இருக்கு. டாக்டரம்மா எடுத்துத் தர்றேங்கறாங்க. சூடு ஆறாம குடுத்தா…” அவள் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தாள். “ஈரோட்டுல ஒரு பொண்ணு சார், மூணாம் மாசம். நாமக்கல்ல ஒண்ணு. நேத்து ரெண்டு பேரும் போன் படம் அனுப்பியிருக்காங்க. இப்ப எடுத்தா அவங்களுக்குப் படம் வரைஞ்சுடலாம். நாளைக்கு இன்னொரு பொண்ணு பொழைப்பா சார்.”

இந்த வாக்கியத்தை எப்படிச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எப்போது தலையைக் குனிய வேண்டும் எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

நாச்சிமுத்துவுக்குக் கணக்குத் தெரிந்தது. ஈரோட்டுப் பெண்ணுக்கு அவகாசம் இருப்பது தெரிந்தது. இதைவிட நல்ல சாம்பிள் உலகத்தில் கிடைக்காது என்பதும் தெரிந்தது. தெரிந்ததெல்லாம் ஒரு பக்கம் நிற்க, வாய் தன் பாட்டுக்குச் சொன்னது.

“அவ பட்டது போதும். இன்னொரு கத்தி படக் கூடாது.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று அவருக்குக் கேட்டது. சூலூர்க்காரரின் முகம், பனியன் தெரிந்த சட்டை, சிவந்த கண் எல்லாம் எதிரில் வந்து நின்றன. அன்று அவரைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுக் காரில் ஏறியதும் நினைவுக்கு வந்தது.

ஷாஹிதா கெஞ்சவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. பெட்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“ஷாஹிதாக்கா.”

உள்ளிருந்து சிந்துஜாவின் குரல். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

“எங்கிட்ட கேக்கோணும்னு யாருக்கும் தோணலியா? சுவரு என்னோடதுதான?”

ஷாஹிதா உள்ளே போனாள். நாச்சிமுத்து கதவு வரை போய், அங்கேயே நின்றார். படுக்கையில் வீங்கிய கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல் பிடித்து, மகள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயரின் கடைசி எழுத்து காகிதத்தை விட்டு வெளியே போயிற்று.

“ஈரோட்டுப் பொண்ணு பேரு என்னக்கா?”

“பவதாரணி.”

“அவ போனை வாங்கி அரிசி டிரம்முல போடச் சொல்லுங்க. எங்கத்தை கண்டுபுடிச்ச வைத்தியம்.” வாசலில் நின்றிருந்த வசந்தாமணி அப்போதுதான் முதல்முறையாக உடைந்து அழுதார்.

தள்ளுவண்டி நகர்ந்தது. கதவருகே வந்தபோது சிந்துஜா ஷாஹிதாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அவர் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றிருந்தார்.

“ஒண்ணே ஒண்ணுக்கா. நீங்களே பாத்துக்கங்க. எடுக்கறதை அப்பா கையில மட்டும் குடுத்துடாதீங்க.”

கோபத்தில் சொன்னாளா, அவர் தாங்க மாட்டார் என்று சொன்னாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிற்பாடும் அவர் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து ஷாஹிதா வெளியே வந்தாள். இரண்டு கையாலும் பெட்டியை மார்போடு அணைத்திருந்தாள். நாச்சிமுத்து நடுவராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒரு கணம் தயங்கினாள். அவர் சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டார்.